மீனுக்கு வந்த அம்மை

எனக்குப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் மோகனூரில் யாரைக் கேட்டாலும் சௌந்திரம் என்ற பெயரைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள். அரசமரம் சுற்றியாயிற்று, திருச்செங்கோட்டு மலைப்படி ஏறியாயிற்று, நாமக்கல் வைத்தியர் கொடுத்த லேகியத்தையெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியாயிற்று. என் மாமியார் முத்தாயம்மாள் ரெண்டாங் கல்யாணப் பேச்சை, சோற்றுக்கு மோர் ஊற்றுவது போல வேளா வேளைக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். எதைச் சொன்னாலும் என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

என் வீட்டுக்காரர் மருதாசலம் அப்படி இல்லை. குரல் உயர்த்தத் தெரியாதவர். பண்ணையத்து ஆளைக்கூட அதட்டமாட்டார். ‘தங்கமான மனுசன்’ என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னதை நானும் நம்பினேன். ஊரைவிடக் கொஞ்சம் கூடவே நம்பினேன்.

மேட்டூர் அணை கட்டி முடித்த மறுவருசம் வக்கீலைப் பார்க்க மெட்ராசுக்குப் போனவர், திரும்பும்போது ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்தார். பின்னாலேயே வண்டிக்காரன் சென்றாயன், வாயைத் துணியால் கட்டிய ஒரு மண்குடத்தைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தான். சேலம் வரைக்கும் ரயிலில் மடியில் வைத்திருந்தானாம், அப்புறம் பஸ்ஸில், அப்புறம் மாட்டுவண்டியில். துணியை அவிழ்த்தால் உள்ளே தங்க மீன்கள். பழுத்த மிளகாய் நிறத்தில் சில, வால் மட்டும் வெளுத்தது ஒன்று, பாவாடையை விரித்தது போல வால் உள்ளது ஒன்று. நான் கை தட்டிவிட்டேன்.

“புள்ளையக் கேட்டா மீனைக் கொண்டாந்திருக்கறான்” என்றாள் மாமியார்.

அந்த வாரமே அவள் மறுபடியும் பேச்சை எடுத்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் எங்கள் இருவரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் சாமி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு ஒரு சொல் சொன்னால், அதை மீறுகிறவன் குடும்பம் விளங்காது. கொலைகாரனும் அதற்குப் பயப்படுவான். அவர் சூடத்தை அணைத்தார்.

“இந்த மீனு இந்த ஊட்டுல உசுரோட இருக்கற வரைக்கும் நான் இன்னொருத்தி கழுத்துல தாலி கட்டமாட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் அழுகிறவளுக்கு மூளை வேலை செய்யாது. ‘என் உயிர் இருக்கிற வரைக்கும்’ என்று ஏன் சொல்லவில்லை, மீனின் உயிரை எதற்கு இழுத்தார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் என் உயிரே அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு பொழுது வைத்திருந்து, தெளிந்த பிறகுதான் மாற்றுவேன். பொட்டுக்கடலை மாவு கிள்ளிப் போடுவேன். மண்புழுவை நறுக்கிப் போடுவேன், அதைப் பார்த்து மாமியார் ஓங்கரிப்பாள். கார்த்திகை கடைசியில் அவர் ஒரு செம்பில் ஆற்றுக் கெண்டைக் குஞ்சுகள் கொண்டு வந்து, “உன்ற மீனுக்குத் தொணை இருக்கட்டும் சௌந்திரம்” என்று தொட்டியில் விட்டார். எனக்காக ஆற்றில் இறங்கிப் பிடித்தாராம். அன்றைக்கு அவருக்குப் பிடித்த பருப்புச் சோறும் கத்தரிக்காய்க் கடைசலும் செய்து போட்டேன்.

மார்கழிக் குளிரில், வால் வெளுத்த மீனின் துடுப்பில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தேன். ரவையை அள்ளித் தெளித்தது போலிருந்தது. ஓரிரு நாளில் எல்லா மீன்களுக்கும் வந்துவிட்டது. முதுகு சொறிகிற மாடு போல அடியில் மணலில் கிடந்த கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஓடின. மாமியார் எட்டிப் பார்த்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா வந்திருக்கறா.”

சிரிக்காதீர்கள். அந்த வருசம் எங்கள் மேலத்தெருவில் பாதி வீட்டில் அம்மை. வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. அந்தச் சமயத்தில் எதன் மேல் புள்ளி கண்டாலும் அது மாரியாத்தாள்தான். என் தங்கை ஓமலூரில் அம்மை வந்துதான் போனாள். அதனால் மாமியார் சொன்னதும் நானும் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

பூசாரி வந்தார். தொட்டியில் மஞ்சள் தண்ணீர் விட்டார், வேப்பிலையை மேலே போட்டு மூடினார். அம்மை கண்ட வீட்டுக்கு உள்ள முறையெல்லாம் சொன்னார். தாளிப்பு வாசம் கூடாது, மருந்து மாயம் கூடாது, உப்பு அறவே ஆகாது, உப்பு ஜாடியைத் துணி போட்டு மூடிவிட வேண்டும். வெளியாள் உள்ளே வரக்கூடாது. நாமும் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது.

“பண்ணாடி, இந்த மீனு எங்கிருந்து வந்துது, எப்படி வந்துதுன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும். ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா?” என்று பூசாரி என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றிருந்தார். “எனக்கென்னங்க தெரியும்? ஆத்தா உட்ட வழி” என்றார்.

அதற்குப் பிறகு தினமும் அவரே மரமேறி வேப்பிலை ஒடித்துக் கொண்டு வந்தார். என் கண்ணைத் துடைத்துவிட்டார். இப்படி ஒரு புருசன் எவளுக்கு வாய்ப்பான் என்று அந்தத் துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பாவாடை வால் மீன்தான் முதலில் செத்தது. ஒன்று போனதும் நான் தொட்டியை விட்டு நகரவில்லை. பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம் அரித்தது. என் தங்கைக்கு முதலில் காய்ச்சல் கொதித்தது, பிறகு முத்து போட்டது, நீர் கோத்துப் பருத்தது, வாடிப் பொருக்கு விழுந்தது. இங்கே ஒரு முத்துகூடப் பருக்கவில்லை, பொருக்கு விழவில்லை. ஒரு காலையில் வால் வெளுத்த மீனின் மேல் ஒரு புள்ளியும் இல்லை. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று குதித்தேன். அடுத்த நாளுக்கு அடுத்த நாள் முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அம்மை இறங்கினால் இறங்கினதுதான், இப்படிப் போய்ப் போய் வராது. செவுள்களிலும் வந்துவிட்டது போல, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. வேப்பிலை அழுகித் தண்ணீர் நாறியது.

“ஏனுங்க, இது அம்மை மாதிரியே இல்லீங்களே” என்றேன் அவரிடம்.

“ஆத்தா வெளையாட்டுல நாம மூக்கை நுழைக்கப்படாது, புள்ள. அவ எடுத்துக்கிட்டாலும் சரி, குடுத்தாலும் சரி.”

எவ்வளவு பக்குவமாகச் சொன்னார் தெரியுமா? எனக்கே என் சந்தேகத்தின் மேல் வெட்கம் வந்துவிட்டது.

தை பிறந்ததும், ஓமலூர் சந்தையில் உழவு மாடு வாங்கிவர வேண்டும் என்று கிளம்பினார். அம்மை கண்ட வீட்டிலிருந்து போகலாமா என்று கேட்டேன். சந்தைக்குத்தானே போகிறேன், யார் வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டேன் என்றார். சென்றாயன் வண்டி கட்டினான். தொட்டியில் அப்போது உயிரோடு இருந்தவை கொஞ்சம்தான். போகும்போது அதை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் நாள், செத்த மீன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு புறக்கடையில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சென்றாயன் வந்து நின்றான்.

“அம்மிணி, பண்ணாடியோட சரிகை வேட்டிய வாங்கியாரச் சொன்னாருங்க.”

“மாடு வாங்கறதுக்குச் சரிகை வேட்டி எதுக்குடா?”

அவன் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். கையிலிருந்த மீனைப் பார்த்ததும் பேச்சை மாற்றப் பார்த்தான். “ஐயோ, மீனு செத்துப்போச்சுங்களா? ஊட்டுல ஆத்தா வந்திருக்கறான்னு ஊருக்குள்ள சொன்னாங்க. ஆருக்குங்க அம்மை?”

“இதுக்குத்தான்.”

“மீனுக்குங்களா?” அவன் சிரித்தே விட்டான். வேலிக்கு மேலாக எட்டி மீனை உற்றுப் பார்த்தான். “அட, இது அதேதானுங்க! மெட்ராசு மூர் மார்க்கெட்டு மீன் கடைக்காரரு காட்டுனாரே. அங்கயும் ஒரு தொட்டியில இப்படித்தான் ரவை ஒட்டியிருந்துச்சு. இது அம்மையில்லீங்க, புழு. தோலுக்குள்ளார இருக்குதாமா. தின்னு பருத்ததும் கீழ விழுந்து, மணல்ல குஞ்சு பொரிச்சு, அதுக நீந்தி வந்து மறுக்கா மீன்மேல ஏறிக்குதாமா.”

“மருந்து?” என்றேன்.

“கல்லுப்புத்தானுங்க. கொடத்துக்கு ஒரு கைப்பிடி. தொட்டிய வெயில்ல வெக்கோணும், தண்ணி சூடேறோணும். மணலை அள்ளிக் காயவெக்கோணும். போயிருச்சுன்னு நெனச்சு உட்டுட்டா ரெண்டு பங்கா வருமாமா. தோலுக்குள்ள இருக்கறப்ப உப்பு அதை ஒண்ணும் பண்ணாது, நீந்தறப்பத்தான் சாவும், அதனால உடாமப் போடோணும்னாரு. ஆத்து மீனு, ஆத்துத் தண்ணி எதையும் இதுககூடச் சேக்காதீங்க, அதுலதான் தொத்தும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க.” அப்புறம் என் முகத்தைப் பார்த்து அவன் குரல் இறங்கியது. “பண்ணாடி ரெண்டு தரம் கேட்டு மனசுல வாங்கிக்கிட்டாருங்களே. ரயில்லகூட என்னையச் சொல்லச் சொல்லிக் கேட்டாரு. உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

நான் அந்த மீனைக் குழியில் போட்டேன். மண்ணைத் தள்ளினேன். “ஓமலூர்ல எந்த ஊட்டுல இருக்கறாரு?” என்று கேட்டேன்.

“ஓமலூரில்லீங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். “ஆட்டையாம்பட்டி. பண்ணாடிக்குப் பொண்ணு பாத்திருக்கற ஊட்டுலங்க. நீங்களே போவச் சொல்லித்தான் போறாருன்னு நான் நெனச்சேன்.”

இதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. அது அம்மைதான் என்று அவர் ஒரு நிமிசம் நம்பியிருந்தாலும் ஒரு நல்ல வீட்டுக்குள் காலை வைத்திருக்கமாட்டார். எவ்வளவு கெட்டவனும் அதைச் செய்யமாட்டான். அவருக்குத் தெரியும். பூசாரி கேட்டபோது தெரியும், வேப்பிலை ஒடித்தபோது தெரியும், என் கண்ணைத் துடைத்தபோதும் தெரியும். சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை மீற அவருக்குப் பயம். மீன் செத்துவிட்டால் சொல்லும் செத்துவிடும், மீறின பாவம் கிடையாது. அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் கைகூப்பி நின்றார். கெண்டைக் குஞ்சைத் தெரிந்தே விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

‘சௌந்திரம், எனக்கு ஒரு பிள்ளை வேண்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன், மாரில் அடித்துக்கொண்டிருப்பேன், அம்மிக்கல்லைத் தூக்கி எறிந்திருப்பேன். அப்புறம் நானே வெற்றிலை பாக்கோடு பெண் கேட்கப் போயிருப்பேன். என் தலையில் மிளகாய் அரைப்பதற்கு மாரியாத்தாள் கையையா கடன் வாங்குவது?

சரிகை வேட்டியை எடுத்து மடித்து சென்றாயனிடம் கொடுத்தேன். “நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. போ” என்றேன். அவன் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வந்தது துக்கம் இல்லை, வெறி. மாமியார் காலையில் அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றக் கோயிலுக்குப் போவாள். அவள் தெரு முனையைத் திரும்பியதும் உப்பு ஜாடியின் துணியை எடுப்பேன். அம்மை கண்ட வீட்டில் உப்பைத் தொடுகிறோமே என்று முதல் நாள் அள்ளின உப்பைத் திரும்ப ஜாடியிலேயே போட்டேன். தங்கையின் முகம் வந்தது. ‘தாயே, நீ இல்லை என்று தெரிந்துகொண்டுதான் போடுகிறேன், நீயாக இருந்தால் என் கண்ணை எடுத்துக்கொள்’ என்று சொல்லிப் போட்டேன். கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது, அது ஒரு வசதி. மீனைச் செம்பில் பிடித்து வைத்துவிட்டு மணலையெல்லாம் அள்ளிக் கூரைமேல் காயப்போடுவேன், முதல் நாள் காய்ந்ததைக் கொட்டுவேன். அழுகின வேப்பிலையை எடுத்தெறிந்து, பார்வைக்கு நாலு கொழுந்து போடுவேன். கெண்டைக் குஞ்சுகளை எடுத்து வெளியே போட்டேன். ஆத்தாளுக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லித் தொட்டியை முற்றத்து வெயிலுக்கு நகர்த்தினேன். மாமியாரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள்.

புள்ளிகள் மறைந்தன. நான் நம்பவில்லை. திரும்பி வந்தன, ஆனால் குறைவாக. விடாமல் போட்டேன். சின்னது ஒன்று தாங்காமல் செத்தது. மிஞ்சினது மூன்று. மறுபடி மறைந்தன. கல்லில் தேய்ப்பது நின்றது. ஒரு நாள் நான் மாவைக் கிள்ளிப் போட்டதும் வால் வெளுத்த மீன் கீழேயிருந்து அம்பு மாதிரி வந்து வாங்கிக்கொண்டது. முற்றத்திலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

சந்தை சந்தையாக மாடு பார்ப்பதாகச் சொல்லியனுப்பிவிட்டு, தை கடைசியில்தான் அவர் திரும்பி வந்தார். அன்று நான் வாசலில் நிற்கவில்லை, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. உள்ளே வந்தார். மூன்று மீன்களும் வெயிலில் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவர் முகம் ஒரு கணம் அப்படியே தொங்கிப்போயிற்று. உடனே சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

“பொழச்சிருச்சா? எப்படி?” என்றார்.

“மாடு படியலீங்களா?”

“வெலை ஒத்துவரலை.”

“சரிகை வேட்டி கட்டியுமா ஒத்துவரலை?”

அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம், எனக்கு மலடி என்று பெயர் வைத்துக்கூட ஏசியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் தொட்டியையே பார்த்தார். வாய் பேசாமல் இருந்தே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆள் அவர். அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மாமியார் கோயிலிலிருந்து வந்தாள். மகனைப் பார்த்தாளோ இல்லையோ, அவன் கையைப் பிடித்துத் தொட்டி முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“பாருடா மருதாசலம்! எடுத்துக்கிட்டுப் போக வந்தவ, இவ மொகத்தைப் பாத்துக் குடுத்துட்டுப் போயிட்டா. நான் பாவி, இவளைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேன். ஆத்தாளே இவ பக்கம் நின்னுட்டா. இனி இன்னொரு கல்யாணம்னு நானும் எடுக்கமாட்டேன், நீயும் கனவுல கூட நெனைக்கப்படாது. நெனச்சா நான் காவேரியில எறங்கிருவேன். கும்புடு!”

அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. என்னாலும் சொல்ல முடியாது. சொன்னால் உப்புப் போட்டது வெளியே வரும், அவள் என்னை வீட்டைவிட்டே துரத்துவாள், சென்றாயன் நடுத்தெருவில் நிற்பான். அவராலும் சொல்ல முடியாது. சொன்னால் தெரிந்தே சாகவிட்டவர் ஆவார். இரண்டு பேருமாக அந்தப் பொய்யின் முன்னால் நின்றோம். அவர் கீழே விழுந்து கும்பிட்டார்.

மாமியார் என் தலையைத் தடவினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் கை என் மேல் அன்போடு பட்டது அதுதான் முதல் தடவை. “கண்ணு, இனி அவன் உனக்கே உனக்குத்தான். சாகற வரைக்கும் ஒருத்தியும் பங்குக்கு வரமாட்டா” என்றாள்.

எத்தனை கோயிலில் எத்தனை வேண்டுதல், இந்த ஒரு சொல்லைக் கேட்பதற்கு. எனக்கு அவர் வேண்டாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?